உரிமை கப்பலில் வந்து இறங்கிய சரக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதலைப் போராட்டத்தின் சிந்தனை வேர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். மனிதர் பிறப்பிலேயே சில உரிமைகளை உடையவர், அவற்றைப் பறிக்கும் அரசை மாற்றவும் நீக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்ற கருத்து ஐரோப்பாவில் தோன்றி, 1776-இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் பிரகடனத்தில் உருப்பெற்று, ஆங்கிலக் கல்வியின் வாயிலாகவே நமக்கு வந்து சேர்ந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதுவரை நம் மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் துரைமார்களிடம் மனுக் கொடுப்பதும் விதியை நொந்துகொள்வதும்தான் என்றும் அவர் முடிவு கூறியிருந்தார். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற நான், பல ஆண்டுகள் இதையே மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவன். அது தவறு என்பதை ஆவணங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன் என்பதால், அத்தவறு இன்னும் தொடர்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் அந்த 1776-ஆம் ஆண்டுப் பிரகடனத்தையே எடுத்துக்கொள்கிறேன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று சொல்லும் அதன் முகப்பு வரிகள் உலகம் அறிந்தவை. ஆனால் அந்த வரிகளுக்குக் கீழே, இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் மீது அடுக்கப்பட்டிருக்கும் 27 குறைகளை இன்று யாரும் படிப்பதில்லை. எங்கள் ஒப்புதலின்றி வரி விதித்தார், எங்கள் சபைகளை மீண்டும் மீண்டும் கலைத்தார், நீதிபதிகளின் சம்பளத்தையும் பதவியையும் தம் விருப்பத்தைச் சார்ந்து நிற்கச் செய்தார், எங்கள் மத்தியில் படைகளைத் தங்கவைத்தார், விசாரணை என்ற பெயரில் எங்களைக் கடல் கடந்து கொண்டுபோகச் செய்தார் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதன் இறுதியில், நாங்கள் திரும்பத் திரும்பக் கொடுத்த மனுக்களுக்குத் திரும்பத் திரும்பத் தீங்கே பதிலாகக் கிடைத்தது என்று ஒரு வரி வருகிறது. என் பார்வையில் முழுப் பிரகடனத்தின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. 1765-இல் முத்திரைத்தாள் வரி வந்தபோது ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி எழுதியவை அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் செய்துகொண்ட பணிவான விண்ணப்பங்களே. 1774-இல் பிலடெல்பியாவில் கூடியபோதுகூட, தங்கள் உரிமைகளுக்கு ஆதாரமாக இயற்கையின் மாறாத விதிகளோடு இங்கிலாந்தின் அரசியலமைப்பையும் அரசர்கள் வழங்கிய பட்டயங்களையும் சேர்த்தே சொன்னார்கள். 1775 ஜூலையில் அனுப்பிய சமாதான மனுவை அரசர் கையில் வாங்கவும் மறுத்து, ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்த பிறகுதான், மற்ற இரண்டு ஆதாரங்களும் பின்னுக்குப் போய் இயற்கையின் சட்டம் முதலிடத்துக்கு வந்தது. இயற்கை உரிமையைப் பேசிய ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் நூல் அவர்களுடைய அலமாரிகளில் பல்லாண்டுகளாக இருந்தது உண்மையே. ஆயினும் அந்த நூலிலிருந்த சொற்களை அவர்கள் நாவுக்குக் கொண்டுவந்தவை பத்தாண்டுக் காலம் மறுக்கப்பட்ட மனுக்கள்தாம்.

இந்த இடத்தில் கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவுக்கு முத்திரைத்தாள் வரி வந்த அதே 1765-ஆம் ஆண்டில்தான், ஆகஸ்ட் மாதம், வங்காளத்தின் வரி வசூல் உரிமையான திவானி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஐந்தே ஆண்டுகளில், 1770-இல், வங்காளம் கொடும் பஞ்சத்தில் வீழ்ந்தது. கம்பெனி பணமுடையில் சிக்கியபோது அதைத் தூக்கிநிறுத்துவதற்காக 1773-இல் கொண்டுவரப்பட்டதே தேயிலைச் சட்டம்; அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளும் அந்தக் கம்பெனியின் தேயிலையே. அப்போது ஜான் டிக்கின்சன் என்ற அமெரிக்கத் தலைவர் எழுதிய கடிதமொன்றில், இந்தக் கம்பெனி ஆசியாவில் மனிதர்களின் உரிமைகளையும் உயிர்களையும் எவ்வளவு துச்சமாக மதித்தது என்பதைப் பாருங்கள் என்று சொல்லி, பஞ்சத்தில் மடிந்தவர்களைச் சான்று காட்டித் தம் மக்களை எச்சரித்தார். வங்காளத்துக் குடியானவர்களின் சாவு அமெரிக்கரின் உரிமை வாதத்துக்குச் சாட்சியாக நின்றிருக்கிறது. கருத்துகள் மேற்கிலிருந்து கிழக்குக்கு ஒரே திசையில் பாய்ந்தன என்ற கூற்று இந்த ஒரு கடிதத்தின் முன்னாலேயே நிற்க முடியவில்லை. 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த அதே காரன்வாலிஸ் பிரபுதான் 1786-இல் கவர்னர் ஜெனரலாக இங்கு வந்து, திப்பு சுல்தானுடன் போரிட்டு, 1792 உடன்படிக்கையின் வழியாகத் திண்டுக்கல்லையும், இன்றைய சேலம், கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலையும் கம்பெனிக்குச் சேர்த்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே பேரரசின் இரண்டு முனைகள் இவை.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். 1801 ஜூன் 16-ஆம் நாளிட்ட ஓர் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஆற்காட்டு நவாபின் அரண்மனைக்குச் செல்லும் வாயிலிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சிவகங்கைச் சின்னமருது வெளியிட்ட அந்த அறிக்கை ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று அறியப்படுகிறது. ஜம்புத்தீவு என்பது பாரதத்தின் பழம்பெயர். ஜம்புத்தீவிலும் ஜம்புத் தீபகற்பத்திலும் வாழும் எல்லாச் சாதியாருக்கும், பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் அனைவருக்கும் அது விளித்து எழுதப்பட்டது. நவாப் முகமது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு நம்மிடையே இடம் கொடுத்துத் தாம் கைம்பெண்ணைப் போல ஆகிவிட்டார், அவர்களோ வாக்குத் தவறி அவருடைய நாட்டையே தமதாக்கிக்கொண்டு, இங்குள்ள மக்களை நாய்களாக மதித்து ஆள்கிறார்கள் என்று அது குற்றம் சாட்டுகிறது. அவர்கள் ஆளும் நாடுகளில் மக்களுடைய உணவு வெறும் நீராகிவிட்டது என்றும், மக்கள் துன்பத்தை உணர்ந்தாலும் அதன் காரணத்தை அறியாதிருக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. நம்மிடையே ஒற்றுமை இல்லாததே அந்நியருக்கு வழிவிட்டது என்பதை நம் மக்களின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் அதில் இருக்கிறது.

துன்பம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை என்ற அந்த வாசகத்தில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். பஞ்சமும் கிஸ்தியும் மழை பொய்ப்பதைப் போலத் தாமாக நிகழ்வன என்று நினைத்திருந்த மக்களிடம், இது மனிதர் செய்வது, மனிதரால் நிறுத்தக்கூடியது என்று சொல்வதற்காகவே அது சுவரில் ஏறியது. அதன் குற்றச்சாட்டு எவ்வளவு துல்லியமானது என்பதைக் கம்பெனியே ஆறு வாரங்களில் மெய்ப்பித்தது: 1801 ஜூலை 31-இல் செய்யப்பட்ட கர்நாடக உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டு, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நவாபுக்கு விட்டுவைத்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னமருதுவின் இளம் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் அடுத்த ஆண்டு பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கட்டபொம்மன் பேசியதாக நம் பிள்ளைகள் மேடைதோறும் முழங்கும் வசனங்கள் பிற்கால நாடகமும் திரைப்படமும் தந்தவை. அவற்றின் வீரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உண்மையாகவே எழுதி ஒட்டப்பட்ட ஓர் அறிக்கை இருக்கும்போது, அதில் ஒரு வரியைக்கூட நம் பிள்ளைகள் அறியாமல் வளர்வது எனக்குத் தாங்க முடியாத துயரமாக இருக்கிறது.

அந்த அறிக்கை பழைய அரசர்களின் ஆட்சியைத் திரும்ப நிறுவுவதாகத்தானே வாக்களிக்கிறது, இதில் இயற்கை உரிமை எங்கே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவரவர் தத்தம் பரம்பரை உரிமையைத் திரும்பப் பெறுவார்கள் என்பதே அதன் உறுதிமொழி. பிறந்த ஒவ்வொரு மனிதருக்கும் சம உரிமை என்று அது சொல்லவில்லை. ஆனால் 1774-ஆம் ஆண்டின் பிலடெல்பியாத் தீர்மானமும் ஆங்கிலேயக் குடிமக்களுக்குரிய பரம்பரை உரிமைகளைத் தானே கேட்டது? உரிமை என்ற சொல் நமக்குப் புதிதன்று. காணியாட்சி என்று நிலத்தின் மீதான உரிமையை நம் முன்னோர் அழைத்தார்கள். சந்திரரும் சூரியரும் உள்ளவரை இது செல்லும் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். திருச்சி அறிக்கையும் இதே வழக்கைக் கையாள்கிறது. ஆயிரம் ஆண்டு வாழ்ந்தாலும் மனிதன் இறப்பது உறுதி, ஆனால் அவன் புகழ் சூரிய சந்திரர் உள்ளவரை நிற்கும் என்று அது சொல்கிறது. நிலத்துக்கும் கோயிலுக்கும் சொல்லப்பட்ட அந்த வாசகம், சாதி குறிப்பிடாமல், போராடிச் சாகத் துணியும் எவருக்கும் இங்கே உரியதாகிறது. உரிமை என்ற பழைய சொல் புதிய உரியவர்களைத் தேடத் தொடங்கிய இடம் இது என்று நான் கருதுகிறேன். கம்பெனியின் ஆவணங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பாகக் கிடந்து, அங்கிருந்து மீண்டும் நம் மொழிக்கு வந்த அறிக்கை இது. நம் குரலை நாமே பெயர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்பதும் பேரரசு நமக்குச் செய்த தீங்குகளில் ஒன்றே.

ஆயுதப் போர் ஒடுக்கப்பட்டு, பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டு, மக்களிடமிருந்து ஆயுதங்களும் பறிக்கப்பட்ட பிறகு, எஞ்சியது மனு மட்டுமே. மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு என்று தொடங்கி, தனி மனுவான அர்ஜியாகவும் பலர் கையெழுத்திட்ட மகஜராகவும் கச்சேரிகள் எனப்பட்ட அரசு அலுவலகங்களில் குவிந்த அந்தக் காகிதங்களைக் கட்டுரையாளர் அடிமை மனத்தின் அடையாளமாகப் பார்க்கிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தலைமையில் தோன்றிய சென்னை சுதேசிச் சங்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. வரிச்சுமை, வசூலில் நடக்கும் கொடுமை, நீதிமன்றங்களின் காலதாமதமும் செலவும், பாசனமும் சாலையும் பள்ளியும் இல்லாத குறை ஆகிய அனைத்தையும் அது எடுத்துரைத்தது. நிலவரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு லண்டனில் எழுந்தபோது அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. கடைசியில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1855-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. கிட்டி என்பது விரல்களை இரண்டு கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் கருவி. அண்ணந்தாள் என்பது தலை தாழ, உடல் வளையக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது. நம் சொற்களான இவை இரண்டும் அரசின் அறிக்கையிலேயே, அரசு நியமித்த ஆணையர்களாலேயே பதிவு செய்யப்பட்டன. கிட்டியைப் பிடித்த கைகள் நம்மவரான சேவகர்களுடையவை என்று அக்குழு கூறியது, அது உண்மையும்கூட. ஆனால் இவ்வளவு தீர்வை வந்தே தீர வேண்டும் என்று கணக்கு வகுத்தவர்கள் யார் என்ற கேள்வியை அந்த உண்மை மறைத்துவிடக்கூடாது. விரல் நெரிபட்டவன் அதைச் சொல்லத் துணிந்து, பல கல் தொலைவு நடந்து வந்து சாட்சியம் அளித்திருக்கிறான் என்றால், தன் உடல் தன்னுடையது, அதை நெரிக்க எந்தச் சர்க்காருக்கும் உரிமையில்லை என்ற எண்ணம் அவனுக்குள் இருந்திருக்கிறது. அவனுக்கு அதை எந்த ஆங்கிலப் புத்தகமும் கற்பிக்கவில்லை.

இந்த மனுக்களில் இடம்பெறாதவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். 1776-ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வரைவில் அடிமை வாணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியை அமெரிக்கப் பேரவை நீக்கிவிட்டது. எழுதிய ஜெபர்சனும் தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அந்நிலத்தின் பூர்வகுடிகள் அப்பிரகடனத்தில் இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்றே குறிக்கப்பட்டார்கள். நம் சங்கத்தின் மனுவும் வணிகர்களும் நிலமுடையவர்களும் எழுதியதே. பண்ணையாளாகப் பிணைக்கப்பட்டிருந்தவரின் குரல் அதில் இல்லை. அந்தக் குரல் தனியாக எழ வேண்டியிருந்தது. 1891 டிசம்பரில் அயோத்திதாசர் நீலகிரியில் கூட்டிய மாநாடு பள்ளி, கல்வி உதவி, அரசுப் பணி, பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீரெடுக்கும் உரிமை ஆகியவற்றைத் தீர்மானங்களாக வகுத்தது. அதே ஆண்டில் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் எழுதிய குறிப்பின் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழக்காடிக்கொண்டிருப்பது அதைத்தான். அயோத்திதாசரின் தீர்மானங்கள் பேரரசை நோக்கி மட்டுமல்லாமல், அதே கிணற்றில் நீரெடுத்த அண்டை வீட்டாரையும் நோக்கிப் பேசின. இயற்கை உரிமை என்பதன் முழுப்பொருளை இந்த நாட்டில் முதலில் உணர்ந்தவர்கள் அவர்களே என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்ததும், அவர்களுக்குத் துணை நின்ற வ.உ.சிதம்பரனாருக்கு அதே ஆண்டு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே என்பதால் விரிக்கவில்லை.

இந்த நெடும்பாதை 1930 ஜனவரி 26-இல் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். அன்று நாடெங்கும் ஊர்தோறும் மக்கள் கூடி, அவரவர் மொழியில் வாசிக்கக் கேட்டு ஏற்றுக்கொண்ட பூரண சுயராஜ்ய உறுதிமொழி, சுதந்திரமாக இருப்பதும் தம் உழைப்பின் பயனைத் தாமே அனுபவிப்பதும் எந்த மக்களுக்கும் உள்ளதைப் போலவே இந்திய மக்களுக்கும் உள்ள பறிக்க முடியாத உரிமை என்று தொடங்குகிறது. இந்த உரிமைகளைப் பறித்து ஒடுக்கும் அரசை மாற்றவோ நீக்கவோ மக்களுக்கு மேலும் ஓர் உரிமை உண்டு என்று அடுத்து வருகிறது. 1776-இன் சாயல் இதில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. இதைக் காட்டித்தான் கட்டுரையாளர் இரவல் என்கிறார். ஆனால் முகப்பைத் தாண்டிக் கீழே படித்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நாளொன்றுக்கு நம் சராசரி வருமானம் ஏழு பைசா, அதாவது இரண்டணாவுக்கும் ஒரு பைசா குறைவு. நாம் செலுத்தும் கனத்த வரிகளில் நூற்றுக்கு இருபது குடியானவரின் நிலவரியிலிருந்தும், நூற்றுக்கு மூன்று, ஏழைகளையே மிகுதியாக வருத்தும் உப்பு வரியிலிருந்தும் வருகின்றன. கைராட்டை அழிக்கப்பட்டதால் ஆண்டில் நான்கு மாதமாவது உழவர் வேலையின்றி இருக்கிறார்கள். ஆயுதம் பறிக்கப்பட்டதால் மக்கள் துணிவிழந்தார்கள். இவை லாக்கின் நூலில் இல்லை. 1801-இன் இறுதியிலிருந்து நம் ஊர்களில் நடந்தவை. அடுத்த மார்ச் மாதத்தில் காந்தியடிகள் வைசிராய்க்கு எழுதிய கடிதத்திலும், தங்களுக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது, இந்தியனின் சராசரி வருமானமோ இரண்டணாவுக்கும் குறைவு என்று கணக்கே முன்வைக்கப்பட்டது.

உறுதிமொழியின் வினைச்சொற்களை மனுக்களின் வினைச்சொற்களோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மனுவில் வேண்டுகிறோம், பிரார்த்திக்கிறோம், கருணை கூர வேண்டும் என்றே வரும். உறுதிமொழியில் நம்புகிறோம் என்றும், இந்த ஆட்சிக்கு இனியும் பணிவது மனிதருக்கும் இறைவனுக்கும் எதிரான குற்றமென்று கொள்கிறோம் என்றும் வருகிறது. அது எந்தத் துரையின் சமூகத்துக்கும் அனுப்பப்படவில்லை; கூடியிருந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டது. இந்த மாற்றத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மறுப்புகள் தேவைப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 13-இல் ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டதும், 1801-இல் அறிக்கை ஒட்டப்பட்ட அதே திருச்சியிலிருந்துதான். வழியில் அவர்களுக்குச் சோறிடுவோரும் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் எச்சரித்திருந்தும், ஊர் மக்கள் அவர்களைப் பசியோடு விடவில்லை.

நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளாக 1950-இல் ஜனவரி 26 தேர்ந்தெடுக்கப்பட்டது இந்த உறுதிமொழியின் நினைவாகத்தான் என்பது என் மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். வரும் குடியரசு நாளில் அந்த உறுதிமொழியை, முகப்பு வரிகளோடு நிறுத்தாமல், குறைகளின் பட்டியலோடு முழுமையாகத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டும். ஜூன் 16-ஆம் நாள் திருச்சி அறிக்கையையும், அதன் கடுஞ்சொற்களை மென்மையாக்காமலும், இன்று நமக்கு ஒவ்வாத பகுதிகளை விட்டுவிடாமலும், முழுவதுமாக அச்சிட வேண்டும். இதைக் காண்போர் எவராயினும் கவனத்துடன் படிக்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் முதல் வரி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.